கிண்டர்கார்ட்டன் பிறந்த கதை

ஜெர்மனியின் தூரிங்கியப் பகுதியில் ஷ்வைனா என்றொரு சிற்றூர். அதன் கல்லறைத் தோட்டத்தில் வழக்கத்துக்கு மாறான நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. கீழே ஒரு கனசதுரம், அதன்மேல் ஓர் உருளை, உச்சியில் ஓர் உருண்டை. எழுபது வயதில் மறைந்த ஒரு கல்வியாளருக்கு, மூன்று வயதுப் பிள்ளையின் விளையாட்டுக் கட்டைகளையே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவர் பெயர் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல். 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டனைத் தோற்றுவித்தவர். பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கியதும் உறவும் நட்பும் "எல்.கே.ஜி. எங்கே சேர்க்கப் போறீங்க?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்களே, அந்தக் கே.ஜி. இவர் தொடங்கியதுதான்.

அந்தக் கேள்வியோடு நம் வீடுகளில் பல கவலைகள் வந்து சேர்கின்றன. விண்ணப்பம் எப்போது தருவார்கள், பிறப்புச் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறதா, கட்டணத்தை எத்தனை தவணையில் கட்டலாம், வேன் வருமா, நேர்காணலில் பிள்ளை வாய் திறக்குமா? இத்தனைக்கும் நடுவில் இந்த இடம் எதற்காகப் பிறந்தது என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. அது தெரிந்தால், பிள்ளையைச் சேர்க்கப் போகும் வாசலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

தாய் இல்லாத வீடு

ஃப்ரோபெல் 1782 ஏப்ரல் 21 அன்று தூரிங்கிய மலைக்காட்டில் உள்ள ஓபர்வைஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார். தந்தை லூத்தரன் திருச்சபைப் போதகர். குழந்தைக்கு ஒரு வயது நிறையும் முன்பே தாய் இறந்துபோனார். தந்தைக்கோ பல ஊர்களின் திருச்சபைப் பொறுப்பு. வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. சிற்றன்னை முதலில் அன்பாகத்தான் இருந்தார். தமக்கென ஒரு குழந்தை பிறந்ததும் மூத்தவளின் பிள்ளையைத் தள்ளி வைத்தார். வீட்டைச் சுற்றியிருந்த செடிகொடிகளே அந்தச் சிறுவனுக்குத் துணையாயின. தன் இளமையின் தனிமையைப் பற்றிப் பிற்காலத்தில் அவரே விரிவாக எழுதியிருக்கிறார்.

பதினைந்து வயதில் ஒரு வனக் காவலரிடம் தொழில் பழகப் போனார். பிறகு யேனா பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் படித்தார். 1805இல் கட்டடக் கலை பயிலலாம் என்று ஃபிராங்க்ஃபர்ட் போனவரை, அங்கே ஒரு பள்ளித் தலைவர் ஆசிரியராக்கிவிட்டார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் இவெர்டோன் ஊருக்குப் போய், ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக வாழ்ந்த பெஸ்டலோசியைக் கண்டார். 1808இல் மீண்டும் போய் இரண்டு ஆண்டுகள் அவரிடமே தங்கினார். பிள்ளை தானே தொட்டு, பார்த்து, செய்து அறிய வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

இன்னொரு பாடம் கற்களிடமிருந்து வந்தது. நெப்போலியனுக்கு எதிரான போரில் தொண்டராகச் சேர்ந்து திரும்பியபின், பெர்லின் பல்கலைக்கழகத்தின் கனிமக் காட்சியகத்தில் படிகங்களை வகைப்படுத்தும் வேலை பார்த்தார். எந்தப் படிகமும் தன்னுள் இருக்கும் ஒழுங்கின்படியே வளர்ந்து உருவெடுக்கிறது என்பதை நாள்தோறும் கையில் வைத்துப் பார்த்தார். குழந்தையும் அப்படித்தான், வடிவம் உள்ளிருந்து வருகிறது, வெளியிலிருந்து யாரும் அதைத் திணிக்க முடியாது என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டது. கனசதுரமும் உருண்டையும் அவர் மனத்தில் இடம்பிடித்ததும் அங்கேதான்.

பள்ளிக்கு முந்தைய ஆண்டுகள்

1813இல் அவருடைய அண்ணன் ஒருவர் இறந்து, அவர் பிள்ளைகள் தகப்பனில்லாமல் நின்றார்கள். அந்தப் பிள்ளைகளையும் இன்னோர் அண்ணனின் பிள்ளைகளையும் சேர்த்து, மொத்தம் ஐந்து பேருடன் 1816இல் கிரீஸ்ஹைம் ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார். மறு ஆண்டே அது கைல்ஹாவ் கிராமத்துக்கு மாறியது. போர்க்களத்தில் நண்பர்களான மிட்டென்டார்ஃபும் லாங்கெதாலும் வந்து ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். 1826இல் 'மனிதனின் கல்வி' என்ற பெரிய நூலை எழுதினார். பிறகு சுவிட்சர்லாந்தில் சில ஆண்டுகள். அங்கே புர்க்டார்ஃப் ஊரின் அநாதை இல்லத்தை நடத்தினார்.

இந்த இருபது ஆண்டு அனுபவம் அவரை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது. ஏழு வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் பாதி வேலை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. ஆசையும் அச்சமும், கேள்வி கேட்கும் துணிவும், கேளாமல் ஒடுங்கும் பழக்கமும் அதற்கு முன்பே வேர் பிடித்துவிடுகின்றன. அப்படியானால் அந்த முதல் ஆண்டுகளைக் கவனிப்பது யார்?

சின்னப் பிள்ளைகளுக்கான இடங்கள் ஐரோப்பாவில் அதற்கு முன்பும் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரான்சின் வோஜ் மலைக் கிராமங்களில் ஓபர்லின் என்ற போதகர் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பின்னல் வேலையும் பாட்டும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஆலையில் ராபர்ட் ஓவன் 1816இல் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி திறந்தார். இங்கிலாந்தில் அதைத் தொடர்ந்து பரவிய சிறார் பள்ளிகளிலோ பிள்ளைகளைப் படிவரிசையில் உட்காரவைத்து ஒரே குரலில் ஒப்பிக்கச் செய்தார்கள். ஜெர்மனியில் இருந்த காப்பகங்கள், தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொண்டன. ஒரு பக்கம் பத்திரமாக வைத்திருப்பது, மறுபக்கம் முன்கூட்டியே பாடம் புகட்டுவது. மூன்று வயதுப் பிள்ளைக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதற்கே ஓர் இடம் வேண்டும் என்று சொன்னவர் ஃப்ரோபெல்.

கட்டைகள் பேசிய இடம்

1837இல் கைல்ஹாவுக்கு அருகிலுள்ள பிளாங்கன்பர்க் என்ற சிறு நகரில் அவர் அந்த வேலையைத் தொடங்கினார். வயது ஐம்பத்தைந்து. முதலில் செய்தது விளையாட்டுப் பொருள்கள். அவற்றைப் 'பரிசுகள்' என்றே அழைத்தார்.

முதல் பரிசு, நூலில் கட்டிய ஆறு மென்மையான கம்பளிப் பந்துகள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஆரஞ்சு, ஊதா. தொட்டில் குழந்தைகூடப் பற்றலாம். இரண்டாம் பரிசு, மரத்தாலான உருண்டையும் கனசதுரமும் உருளையும். உருண்டை ஓடும், கனசதுரம் நிற்கும், உருளை இரண்டையும் செய்யும். மூன்றாம் பரிசு, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். நான்கு, ஐந்து, ஆறு என்று போகப்போகக் கட்டைகள் செவ்வகமாகவும் முக்கோணமாகவும் பிரிந்துகொண்டே போகும்.

பயன்படுத்தும் முறையிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. மூன்றாம் பரிசு இருக்கும் பெட்டியைக் கவிழ்த்து மேலே தூக்கினால், பிள்ளை முதலில் காண்பது முழுக் கனசதுரம். பிறகுதான் அது எட்டாகப் பிரியும். நாற்காலி, படிக்கட்டு, பாலம் என்று கண்டதைக் கட்டலாம். கோலம்போல அழகான வடிவங்களை அடுக்கலாம். பாதி, கால், அரைக்கால் என்று எண்ணையும் அளவையும் உணரலாம். எட்டுக் கட்டைகளையும் பயன்படுத்த வேண்டும், ஒன்றுகூட வெளியே நிற்கக் கூடாது. கட்டியதை இடித்துத் தள்ளாமல், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வேறொன்றாக மாற்ற வேண்டும். முடிந்ததும் மீண்டும் முழுக் கனசதுரமாகப் பெட்டிக்குள் போக வேண்டும். கணக்குப் பாடம் என்று யாரும் சொல்லாமலே பிள்ளையின் விரல்களுக்குள் கணக்கு இறங்கியது.

இவற்றோடு காகித மடிப்பு, பாய் முடைவதுபோலக் காகிதப் பட்டைகளைக் கோர்ப்பது, ஊசியால் குத்தி உருவம் வரைவது, களிமண் பிசைவது எல்லாம் சேர்ந்தன. கைகோர்த்து வட்டமாக நின்று ஆடும் ஆட்டங்கள் இருந்தன. உண்மையான தோட்டமும் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென ஒரு சிறு பாத்தி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு நிலம். விதை போடுவது, நீர் ஊற்றுவது, முளைக்கும்வரை காத்திருப்பது எல்லாம் பிள்ளையின் பொறுப்பு.

தாய்மார்களிடமும் அவர் கற்றார். கிராமத்துத் தாய் குழந்தையின் கையைப் பிடித்து வீசுவதையும், காலை உதைக்கவைப்பதையும், விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாடுவதையும் கூர்ந்து கவனித்தார். 1844இல் தாய்மார்களுக்கென ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். நம் வீடுகளில் பாட்டி மடியில் நடக்கும் சாய்ந்தாடலும் கைவீசலும் வெறும் பொழுதுபோக்கு அல்ல, அதுவே முதல் கல்வி என்பதை அவர் தம் ஊர்த் தாய்மார்களை வைத்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

1840 ஜூன் 28 அன்று பிளாங்கன்பர்க்கில் கிண்டர்கார்ட்டன் என்ற பெயரோடு அந்த நிறுவனம் முறைப்படி அறிவிக்கப்பட்டது. கூட்டன்பர்கின் அச்சுக் கலைக்கு நானூறு ஆண்டு நிறைந்ததை ஜெர்மனி கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. ஜெர்மானியப் பெண்களிடம் பங்குகள் விற்றுப் பணம் திரட்டலாம் என்பது அவர் திட்டம். பங்குகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1844இல் பணமில்லாமல் பிளாங்கன்பர்க் கிண்டர்கார்ட்டன் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் அவர் இன்னொரு பெரிய காரியத்தைத் தொடங்கியிருந்தார். இளம்பெண்களைக் கூட்டிக் குழந்தைக் கல்வியில் பயிற்சி கொடுக்கலானார். பெண்களுக்கு வீட்டுக்கு வெளியே தொழில் என்பதே அரிதாக இருந்த காலத்தில், மதிப்புள்ள ஓர் ஆசிரியத் தொழிலுக்கு அது கதவு திறந்தது. அவர் இறந்த பிறகு அவருடைய எண்ணத்தைச் சுமந்து சென்றவர்களும் பெரும்பாலும் அந்தப் பெண்களே.

தடை

1849இல் பெர்த்தா ஃபான் மாரென்ஹோல்ட்ஸ்-பியூலோ என்ற சீமாட்டி, லீபென்ஸ்டைன் என்ற நீரூற்று நகருக்கு ஓய்வெடுக்க வந்தார். கிராமத்துப் பிள்ளைகளோடு ஆடித் திரியும் கிழவர் ஒருவர் இருக்கிறார், ஊரில் அவரைப் பைத்தியக்காரக் கிழவர் என்கிறார்கள் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். சீமாட்டி போய்ப் பார்த்தார். வெறுங்காலோடு வட்டமிட்டு ஆடும் பிள்ளைகள் நடுவே நரைத்த தலையோடு ஃப்ரோபெல். அன்றிலிருந்து அந்தப் பெண்மணி தம் செல்வாக்கையும் வாழ்நாளையும் இந்த வேலைக்கே கொடுத்தார்.

அந்த ஆதரவு கிடைத்த இரண்டாம் ஆண்டே இடி விழுந்தது. 1848 புரட்சியை அடக்கிய பிரஷ்ய அரசு எதையும் சந்தேகத்தோடு பார்த்த நேரம். ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல் பெண்கல்வியையும் கிண்டர்கார்ட்டனையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அவர் முற்போக்காளர். கல்வி அமைச்சர் ராவ்மர் இருவரையும் ஒன்றாக வைத்து, கிண்டர்கார்ட்டன் பிள்ளைகளை நாத்திகத்துக்கும் சோஷலிசத்துக்கும் பழக்குகிறது என்று 1851 ஆகஸ்டில் தடை போட்டார். நூலை எழுதியவர் வேறு ஆள் என்று தெரியப்படுத்தியும் தடை நீங்கவில்லை. 1852 ஜூன் 21 அன்று மாரியன்தால் என்ற இடத்தில் ஃப்ரோபெல் கண்மூடினார். தடை நீங்கியது 1860இல்.

மூன்று வயதுப் பிள்ளை சுதந்திரமாக விளையாடுவதைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது. ஏவாமலே யோசிக்கும் பிள்ளை, வளர்ந்த பின்னும் யோசிக்கும் என்பதை அந்த அரசு சரியாகவே கணித்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கடல் கடந்தபோது

புரட்சி தோற்றபின் நாடு விட்டுப் போனவர்கள் கிண்டர்கார்ட்டனையும் எடுத்துச் சென்றார்கள். 1851இல் லண்டனில் ஜொகானஸ் ரோங்கேயும் அவர் மனைவி பெர்த்தாவும் ஒன்றைத் தொடங்கினார்கள். பெர்த்தாவின் தங்கை மார்கரெட் ஷூர்ட்ஸ் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாட்டர்டவுன் ஊரில் 1856இல் தன் மகளையும் உறவுப் பிள்ளைகளையும் வைத்து, ஜெர்மன் மொழியில் நடத்தினார். அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்ட்டன் அது.

பாஸ்டன் நகரின் எலிசபெத் பீபடி அவரைச் சந்தித்துக் கேட்டறிந்து, 1860இல் ஆங்கிலத்தில் ஒன்றைத் திறந்தார். பள்ளி நன்றாகவே நடந்தது. ஆனாலும் 1867இல் அவர் ஐரோப்பா போய், ஃப்ரோபெல் வழியில் பயின்றவர்களின் வேலையை நேரில் பார்த்தார். தாம் நடத்தியது பெயரில் மட்டுமே கிண்டர்கார்ட்டன், உள்ளே இருந்தது பழைய பள்ளிப்பாடம்தான் என்று உணர்ந்து, அதை வெளிப்படையாகச் சொல்லி, முறையான பயிற்சிக்காகப் பிற்கால வாழ்வைச் செலவிட்டார். குழந்தைக் கல்வியின் வரலாற்றில் இதைவிட நேர்மையான செயல் எனக்குத் தெரியாது.

1873இல் செயின்ட் லூயிஸ் நகரில் சூசன் ப்ளோ, அரசுப் பள்ளி அமைப்புக்குள்ளேயே ஒரு கிண்டர்கார்ட்டன் திறந்தார். ஊதியம் வாங்காமல் கற்பித்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வழி திறந்தது. கூடவே ஒரு திருப்பமும் நிகழ்ந்தது. பள்ளியின் பகுதியானதும், அடுத்த வகுப்புக்குப் பிள்ளையைத் தயார் செய்வது என்ற வேலை கிண்டர்கார்ட்டனின் தலையில் ஏறியது. ஃப்ரோபெலின் கட்டைகளை நிறுவனங்கள் செய்து விற்கத் தொடங்கின. பெட்டி எளிதாகக் கடல் தாண்டியது. பெட்டியைத் திறந்துவிட்டுக் காத்திருக்கும் பொறுமை அவ்வளவு எளிதாகத் தாண்டவில்லை.

நம் மண்ணில்

இந்தியாவில் இந்தக் கதை வேறு கைகளில் வளர்ந்தது. குஜராத்தின் பாவ்நகரில், வழக்கறிஞராக இருந்த கிஜுபாய் பதேகா 1920இல் பால மந்திர் என்ற சிறார் பள்ளியைத் தொடங்கினார். இத்தாலியின் மரியா மாண்டிசோரி எழுதியவற்றைப் படித்து, நம் கதைகளையும் பாட்டுகளையும் அதில் சேர்த்தார். பிள்ளைகள் அவரை 'மீசை வைத்த அம்மா' என்று அழைத்தார்கள்.

அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் பிறகு பழங்குடியினர் வாழும் கோஸ்பாடிலும் வேலை செய்தார். ஏழைப் பிள்ளைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. ஆகவே பள்ளி அவர்களுடைய குடியிருப்பின் முற்றத்துக்குப் போனது. கூழாங்கல், இலை, விதை, மண் என்று அங்கே கிடைத்தவையே சாதனங்கள். அங்கன்வாடி என்ற எண்ணம் அந்த முற்றத்தில் உருவானது. விண்ணப்பம் எழுதாத பெற்றோரின் பிள்ளைக்கும் அங்கே இடம் இருந்தது.

மாண்டிசோரி அம்மையாரே 1939 நவம்பரில் சென்னை வந்தார். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால், எதிரி நாட்டவர் என்று பிரிட்டிஷ் அரசு அவருடைய நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. போர்க்கால ஆண்டுகளில் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் பிள்ளைகளோடு கழித்தார்.

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி மூன்றும் அங்கன்வாடி என்ற ஒரே கூரையின் கீழ் வந்தன. இன்று தமிழ்நாட்டில் சுமார் 54,000 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன.

வாசலில் நிற்கும்போது

சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, தம் முதல் உரையில் பிள்ளைகளின் முதுகில் ஏறிய புத்தகச் சுமையைப் பற்றித்தான் பேசினார். அந்தக் கவலையின் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு, 1993இல் அளித்த அறிக்கையில் நர்சரி சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் வைக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றது. பிஞ்சுப் பிள்ளைக்கு எழுத்தையும் எண்ணையும் முறைப்பாடமாகத் திணிப்பதை வன்முறை என்றே குறிப்பிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நன்கொடையையும் சேர்க்கைச் சோதனையையும் தடைசெய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் உரிமை கொடுக்கும் பிள்ளை ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளை. அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு முதல் காவல் பெற்றோர்தான்.

ஆகவே, சேர்க்கும் முன் வகுப்பு நடக்கும் நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிள்ளைகளின் கையில் என்ன இருக்கிறது? மணலும் கட்டையும் களிமண்ணும் இருக்கின்றனவா, அல்லது மூன்று வயது விரல்கள் பென்சிலை இறுக்கிப் பிடித்து நான்கு கோட்டு நோட்டில் எழுத்தை நிரப்புகின்றனவா? மணி கோர்ப்பதும் மாவு பிசைவதும் அந்த விரல்களை எழுத்துக்குப் பக்குவப்படுத்தும். முதிராத விரலை வற்புறுத்தினால் எழுத்தின்மேல் வெறுப்பே வளரும். ஆசிரியர் தரையில் உட்கார்ந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா? வீட்டுத் தமிழில் பேசினால் பிள்ளைக்குப் பதில் கிடைக்குமா? ஓடுவதற்குக் கொஞ்சம் மண் இருக்கிறதா? கழிப்பறை சுத்தமாகவும் பிள்ளைக்கு எட்டும் உயரத்திலும் இருக்கிறதா? முதல் வாரத்தில் பிள்ளை அழுதால் தாயோ தகப்பனோ கொஞ்ச நேரம் உடன் இருக்க விடுவார்களா, அல்லது கதவைச் சாத்திவிடுவார்களா?

நேர்காணலில் பிள்ளை பேசவில்லை என்று மனம் உடைய வேண்டாம். அறிமுகமில்லாத அறையில், அறிமுகமில்லாத பெரியவர் கேள்வி கேட்டால், அம்மாவின் சேலைக்குள் முகம் புதைப்பது மூன்று வயதின் இயல்பு. அந்த இயல்பைக் குறையாக எண்ணி மதிப்பெண் போடும் இடம் எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும், அது ஃப்ரோபெல் தொடங்கிய இடத்தின் வழித்தோன்றல் அல்ல.

தகப்பனில்லாத அண்ணன் பிள்ளைகளிலிருந்து கோஸ்பாட் முற்றம்வரை, இந்தக் கதையில் யாரும் பிள்ளையைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்ததில்லை. வந்த பிள்ளைக்கு ஏற்ப இடத்தைத்தான் மாற்றினார்கள். அப்படிப் பிள்ளைக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஓர் ஆசிரியர், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், அங்கன்வாடியிலோ அரசுப் பள்ளியிலோ தெருமுனைப் பாலர் பள்ளியிலோ இருந்தால், தயங்காமல் அங்கேயே சேர்த்துவிடுங்கள். பெரிய கட்டடமும் பேர்பெற்ற பள்ளியும் பிள்ளைக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திருக்கலாம்.